ஆறடிப் புல்தரை

ஹார்மன் வட்டாரத்தில் வியாழக்கிழமையைக் காலண்டர் பார்த்துத் தெரிந்துகொள்கிறவர்கள் குறைவு. காலையில் டெல்மர் ஸ்டெனெருட்டின் புல்வெட்டி உறுமினால் அன்று வியாழன். முதலில் தன் வீட்டு முன்புறம், பிறகு பின்புறம், பிறகு சாலையோரப் பள்ளம், அதன் பிறகு யாரும் கேட்காமலேயே பக்கத்து வீட்டுக்காரரின் சாலையோரப் பள்ளம். கணுக்காலுக்கு மேல் புல்லை வளரவிடுகிற மனிதன் வேறு எதில் எல்லாம் அசட்டையாக இருப்பானோ என்று அவர் நிஜமாகவே கவலைப்படுவார்.

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் இதை ஒரு விசித்திரம் என்று சொல்ல முடியாது. அங்கே புல் வெட்டாத வீட்டைப் பார்த்தால் உள்ளே யாருக்கோ உடம்பு சரியில்லை என்று நினைத்து, அண்டை அயலார் சுடச்சுட ஒரு பாத்திரம் நிறைய நூடுல்ஸும் கோழியும் கொண்டுவந்து கொடுப்பார்கள். ஆனாலும் டெல்மர் கொஞ்சம் அதிகம்தான். நிலத்தை அக்கா மகனிடம் ஒப்படைத்துவிட்டு ஓய்வு பெற்ற கையோடு, உட்கார்ந்து ஓட்டும் புதுப் புல்வெட்டி ஒன்றை வாங்கினார். நின்ற இடத்தில் பம்பரமாகச் சுற்றும் ரகம். கூடவே சத்தம் கேட்காமலிருக்கக் காதுக்கு இரண்டு பெரிய மூடிகள். அதை மாட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தால் பக்கத்தில் இடி விழுந்தாலும் அவருக்குத் தெரியாது. அந்த நிம்மதிக்காகவே மனிதர் வாரத்தில் இரண்டு வியாழன் வந்தால் தேவலை என்று நினைத்தார்.

இப்பேர்ப்பட்ட மனிதரின் மனைவி புதருக்குள் கிடந்தாள்.

அதாவது ஆர்டித் இறந்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது, அவளைப் புதைத்தது ஊர்க் கல்லறைத் தோட்டத்தின் பின்மேட்டில். முன்பாதி சமதளம். அதை டெல்மர் மேசை விரிப்பைப் போல வைத்திருந்தார். பின்பாதி சரிவு. முதன்முதலில் குடியேறிய நார்வேக்காரர்களின் சாய்ந்த கற்களும், மார்பளவு காய்ந்த தட்டைகளும், ஊர்பேர் தெரியாத செடிகளுமாகக் கிடந்தது. ஆர்டித்தின் கொள்ளுத்தாத்தா அங்கே இருப்பதால்தான் அவளும் அந்த மேட்டைக் கேட்டாள் என்று டெல்மர் நினைத்துக்கொண்டார். சாகப்போகிறவளிடம் போய் குறுக்குக் கேள்வியா கேட்பார்கள்?

மேட்டைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு ஓர்வில் ட்வைட் என்பவருடையது. கல்லறைத் தோட்டத்துக்கென்று ஊர் தேர்ந்தெடுத்த மூன்று பொறுப்பாளர்களில் அவர் மூத்தவர். முப்பது வருடப் பதவிக்காலத்தில் அந்தச் சரிவில் அவர் ஒரு புல்லைக்கூட வெட்டியதில்லை. கேட்டால், "அடுத்த வாரம் பாக்கலாம்" என்பார். டெல்மரும் ஒரு பொறுப்பாளர்தான் என்றாலும், ஒருவர் பொறுப்பில் இன்னொருவர் கைவைப்பது அந்த ஊரில் வழக்கமில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தார்.

ஆனால் மனைவியின் ஆறடி மண் அவர் பொறுப்பு அல்லவா? அடக்கம் முடிந்த அடுத்த வசந்தத்தில், கடையிலிருந்து பாய் மாதிரி சுருட்டிய பச்சைப் புல்தரையை வாங்கி வந்து விரித்தார். தண்ணீரைக் கேனில் சுமந்தார். ஓர்வில் பொறுப்பிலிருந்த புதரைத் தாண்டிப் புல்வெட்டியைக் கொண்டுபோக வழியில்லை என்பதால் மண்டியிட்டுக் கத்தரியால் வெட்டினார். அந்தக் காட்டுக்கு நடுவே ஆறடிக்கு மூன்றடி பச்சை மட்டும், பில்லியர்ட்ஸ் மேசையை யாரோ மறந்து வைத்துவிட்டுப் போனதுபோல் இருந்தது. 'உன் இடத்தை நான் அழகாக வைத்திருப்பேன்' என்று அடக்கத்தன்று மனதுக்குள் அவளுக்குச் சொல்லியிருந்தார். அதை ஒரு வாரம்கூடத் தவறவிடவில்லை.

போன இலையுதிர் காலத்தில் ஓர்வில் போய்ச் சேர்ந்தார். அவர் இடத்துக்கு ஆர்டித்தின் அக்கா கார்லிஸ் வந்தாள். வேட்பாளர் என்று யாருமே இல்லாத தேர்தலில் தன் பெயரைத் தானே எழுதிப்போட்டு, தோழிகள் ஆறு பேரையும் எழுதவைத்து ஜெயித்தவள் அவள். பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். குரலுக்கு மைக் தேவையில்லை.

ஏப்ரலில் மூன்று பேரும் வெண்டலின் தகரக் கொட்டகையில் கூடினார்கள். வெண்டல் மூன்றாவது பொறுப்பாளர், பிறவியிலேயே மதில்மேல் பூனை. காப்பியில் சர்க்கரை வேண்டுமா என்று கேட்டால்கூட, "உங்களுக்கு எது வசதியோ" என்பார்.

"மே மாசக் கடைசித் திங்கக்கிழம நினைவு நாள் வருதே, அதுக்கு முன்னாடி மேட்ட வெட்டிடறேன்," என்றார் டெல்மர். "முன்னத்த வியாழக்கிழம. கல்லறைக்குப் பூ வைக்கச் சனம் எல்லாம் வெளியூர்லேர்ந்து வரும். இந்த வருஷமாவது பாக்கிற மாதிரி இருக்கட்டும்."

"வெட்டக் கூடாது," என்றாள் கார்லிஸ்.

"ஏன் கூடாது?"

"அது களையில்ல டெல்மர். அது பிரேரி, ஆதிப் புல்வெளி. இந்த மாநிலம் முழுக்க ஒரு காலத்துல அப்பிடித்தான் இருந்துச்சு. இப்ப ஆயிரம் ஏக்கருக்கு ஒரு ஏக்கர்கூட மிச்சமில்ல. ஏர் படாத மண்ணு வேணும்னா ரயில் ரோட்டோரம் தேடணும், இல்லனா கல்லறைல தேடணும்."

"அப்போ நம்ம அப்பன் பாட்டன் எல்லாம் நிலத்த நாசம் பண்ணவங்கன்னு சொல்லு. எங்கப்பா ஒவ்வொரு சரிவுலயும் வரப்பு போட்டாரு, மண்ணு ஓடிடக் கூடாதுன்னு. மழ பேஞ்சா தூங்க மாட்டாரு மனுஷன்."

"உங்கப்பா பாத்துப் பாத்துதான் செஞ்சாரு. யாரு இல்லேன்னா? பாத்துப் பாத்துச் செஞ்சே ஒண்ணும் மிச்சம் வைக்காம முடிச்சுட்டோம்னு சொல்றேன். நம்ம ஆளுங்களுக்கு ரெண்டுதான் தெரியும். ஒண்ணு உழுதுடுவோம், இல்லனா சீவி சிங்காரிச்சுடுவோம். சும்மா விடத் தெரியாது."

வெண்டல் தொண்டையைச் செருமினார். "அப்ப, ஒண்ணுமே செய்யாத ஓர்வில்தான் இந்த ஊர்லயே நிலத்து மேல அக்கற உள்ள ஆளுங்கறியா? சிலை வைப்பமா?"

"வைக்கலாம். படுத்திருக்கிற மாதிரி."

வெண்டலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டெல்மருக்கு வரவில்லை. "என் பொண்டாட்டி அங்க இருக்கா," என்றார். "நான் உசுரோட இருக்கறப்ப அவள முள்ளுக்காட்டுல போட்டு வச்சிருக்கேன்னு நாலு பேர் பேசணுமா?"

கார்லிஸ் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "அவளுக்குக் குடுத்த வாக்க நெனச்சுப் பாரு," என்றாள். "அவ்வளவுதான் சொல்லுவேன்."

"அத நெனச்சுத்தான் சொல்றேன்," என்றார் டெல்மர், மனதுக்குள் தான் சொல்லிக்கொண்டது இவளுக்கு எப்படித் தெரிந்தது என்று வியந்தபடி. அந்த ஊரில் மனத்தாங்கல் வந்தால் வாயால் சொல்ல மாட்டார்கள், கேக் செய்து கொடுப்பார்கள். கார்லிஸும் இரண்டு வருடமாக இவருக்கு, ருபார்ப் என்ற புளிப்புத் தண்டு போட்ட கேக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அதன் அர்த்தம் இவருக்கு எட்டவில்லை. ருசியாக இருந்தது, சாப்பிட்டார்.

முடிவு வெண்டல் தலையில் விழுந்தது. அவர் கூரையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், தங்கையை இழந்தவளுக்கு ஒரு நியாயம் என்றால் மனைவியை இழந்தவனுக்கும் ஒரு நியாயம் உண்டு என்பதுபோல ஏதோ முனகிவிட்டு, டெல்மர் பக்கம் கையைத் தூக்கினார். கார்லிஸ் தன் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "நான் அந்த வியாழக்கிழம நாற்காலி போட்டு மேட்டு வாசல்ல உக்காந்திருப்பேன். என் மேல ஏத்திட்டுப் போய் வெட்டு," என்றாள்.

மே மாதம் பிறந்தது. டெல்மருக்கு ஒரே ஒரு குறைதான். ஆர்டித்தின் ஆறடிப் பச்சையில் மஞ்சள் மஞ்சளாக டாண்டிலையன் களை தலைகாட்டியிருந்தது. புல்லைத் தொடாமல் அகன்ற இலைக் களையை மட்டும் கொல்கிற மருந்து ஒன்று உண்டு. அதற்கு ஒரு கைத்தெளிப்பான் வைத்திருந்தார். வேலிக்கால் ஓரம் பச்சையாக எது இருந்தாலும் அடியோடு சாகடிக்கிற மருந்துக்கு அதே மாதிரி இன்னொன்று. இரண்டுக்கும் கறுப்பு மையால் பெயர் எழுதியிருந்தார். அவர் அப்படிப்பட்ட மனிதர். ஆனால் ஒவ்வொரு முறையும் தெளிப்பானைத் துடைத்துத் துடைத்து வைப்பவரும் அவரே. துடைத்ததில் எழுத்து போய்விட்டது. காற்றே இல்லாத ஒரு மாலையில், ஒரு துளி வெளியே போகாமல், ஓரம் பிசகாமல், குழந்தைக்குப் பவுடர் பூசுவதுபோல் தெளித்துவிட்டு வந்தார்.

அடுத்த பத்து நாள் அக்கா மகனுக்குச் சோயா விதைக்க டிராக்டர் ஓட்டினார். இடையில் ஒரு வியாழன் போனதே தெரியவில்லை. அவர் வாழ்க்கையில் நடக்காத அதிசயம் இது.

வெட்டுவதாகச் சொன்ன அந்த வியாழனும் வந்தது. புல்வெட்டியைப் பின்வண்டியில் ஏற்றிக்கொண்டு காலையிலேயே போனார், கார்லிஸ் வருவதற்குள் பாதியாவது முடித்துவிடலாம் என்ற கணக்கில். வாசலில் நாற்காலி இல்லை. ஜெயித்துவிட்ட நினைப்பில் வண்டியை இறக்கி, ஏறி உட்கார்ந்து, சாவியைத் திருப்புவதற்கு முன் ஆர்டித்தின் பக்கம் ஒருமுறை பார்த்தார்.

பச்சை இல்லை. வைக்கோல் நிறத்தில், ஆறடிக்கு மூன்றடி, அளவெடுத்து வெட்டியதுபோல், ஒரு செத்த செவ்வகம் கிடந்தது. அந்தக் கல்லறைத் தோட்டத்தில் செத்துப்போனது வெளியே தெரிந்தது அது ஒன்றுதான்.

அவருக்கு விளங்க ஒரு நிமிடம் பிடித்தது. பிறகு தெளிப்பான்கள் இரண்டும் கண்முன் வந்தன. பிள்ளையார் பிடிக்கக் குரங்கானது என்பார்களே, இங்கே குரங்கும் பிழைக்கவில்லை. இறங்கி நடந்தார். அதன் ஓரத்தில் மண்டியிட்டார். காய்ந்த புல்லை ஒரு பிடி இழுத்தார், வேரோடு வந்தது. "அய்யோ ஆர்டித்," என்றார். "உன்மேலயே போட்டேனே."

மண்டியிட்ட உயரத்திலிருந்துதான் மற்றதைப் பார்த்தார். நின்றபடி பார்த்தபோது வெறும் காய்ந்த தட்டைகளாகத் தெரிந்த இடத்தில், தட்டைகளுக்குக் கீழே, மேடு முழுக்க இளஞ்சிவப்புப் பூ. நடுநடுவே ஆரஞ்சு. சரிவின் ஈரமான ஓரத்தில், இதழ்கள் எல்லாம் பின்னுக்கு மடங்கிய வெள்ளைப் பூக்கள் தலைகீழாகத் தொங்கின. ஒரு தேனீ அவர் தொப்பியைச் சோதித்துவிட்டு, பிரயோசனமில்லை என்று போயிற்று. யாரும் தண்ணீர் ஊற்றவில்லை, உரம் போடவில்லை. அவர் உயிரைக் கொடுத்து வளர்த்த ஆறடி மட்டும் மொட்டை.

"செத்துப்போச்சா?"

கார்லிஸ் பின்னால் நின்றாள். ஒரு கையில் மடக்கு நாற்காலி, ஒரு கையில் காப்பி பிளாஸ்க். சண்டைக்கு வந்தவள் சண்டையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள்.

"மருந்து மாறிப்போச்சு," என்றார் டெல்மர். எழுந்திருக்கவில்லை.

கார்லிஸ் நாற்காலியை விரித்தாள். ஆனால் உட்காரவில்லை, அவரைப் பிடித்துத் தூக்கி அதில் உட்காரவைத்தாள். காப்பி ஊற்றிக் கொடுத்தாள். "ஆர்டித் பாத்திருந்தா விழுந்து விழுந்து சிரிச்சிருப்பா," என்றாள்.

"அவளுக்குன்னு ஒரு இடத்த அழகா வச்சுக்க எனக்குத் துப்பில்ல."

"யாரு அழகா வச்சுக்கச் சொன்னா?" அவள் குரல் உயர்ந்தது. இரண்டு வருட ருபார்ப் கேக் எல்லாம் அந்தக் குரலில் இருந்தது. "வெட்டக் கூடாதுன்னுதான சொன்னா? இந்த மேட்டுலயே படுக்கணும்னு ஓர்வில்கிட்ட எதுக்குக் கேட்டா? கொள்ளுத்தாத்தாவுக்காகவா? அவர அவ பாத்ததே இல்ல. சின்னப் பிள்ளைல ஞாயித்துக்கிழம வகுப்புக்கு டிமிக்கி குடுத்துட்டு நாங்க ரெண்டு பேரும் இங்கதான் ஒளிஞ்சிருப்போம். யாரும் கைவைக்காத எடம் ஊர்ல இது ஒண்ணுதான், நான் இங்கதான் இருக்கணும், என்மேல இதே பூவே வளரட்டும்னு சொன்னாளே. நீயும் சரின்னுட்டு, வாக்குக் குடுத்துட்டு, மறுவருஷமே கடைல போயி புல்லுப்பாய வாங்கிட்டு வந்தே."

"நான் எப்பக் குடுத்தேன் வாக்கு?"

"அந்த ஆகஸ்ட்ல. ஆஸ்பத்திரிலேர்ந்து வந்த வாரம். நீ முன்பக்கம் புல்லு வெட்டிட்டிருந்தியாம். எலுமிச்ச ஜூஸ் எடுத்துட்டு வந்து எல்லாத்தையும் சொன்னாளாம். அன்னிக்கே எனக்கு போன் பண்ணினா. டெல்மர் ஒத்துக்கிட்டான் அக்கா, மறுபேச்சே பேசல, கட்டைவிரலத் தூக்கிக் காட்டினான்னு சொல்லிச் சொல்லி அழுதா. சந்தோஷத்துல."

டெல்மர் காப்பிக் கோப்பையைத் தரையில் வைத்தார்.

அந்த நாள் அவருக்கு நினைவிருந்தது. அவள் மெலிந்து, தலையில் துணி கட்டிக்கொண்டு, வெயிலில் குறுக்கே நடந்து வந்தாள். வண்டியை நிறுத்தினார், எஞ்சினை நிறுத்தவில்லை. அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் ஏதோ பேசினாள். வெயிலில் ரொம்ப நேரம் இருக்காதே, தொப்பி போடு, அப்படி ஏதாவதுதான் இருக்கும் என்று நினைத்தார். கல்யாணமாகி நாற்பத்தைந்து வருடத்தில் அவள் அதைத்தானே சொல்லியிருக்கிறாள். சிரித்தார், தலையாட்டினார், கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். அவள் அவர் முழங்காலைத் தட்டிக் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். போகும்போது அவள் நடை நன்றாக இருந்ததாக அவருக்குத் தோன்றியதும் நினைவிருந்தது.

"காதுல மூடி போட்டிருந்தேன்," என்றார்.

கார்லிஸுக்குச் சட்டென்று புரியவில்லை. புரிந்ததும் பக்கத்துக் கொள்ளுத்தாத்தா கல்லின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். "ஒண்ணுமே கேக்கலையா?"

"ஒண்ணும் கேக்கல."

"ரெண்டு வருஷமா நீ வேணும்னே மீறுறேன்னுல்ல நெனச்சேன். ஒன் மேல எவ்வளவு ஆத்திரம் தெரியுமா எனக்கு?"

"தெரியாதே. நீ கேக்குல்ல குடுத்திட்டிருந்தே."

அதற்கு மேல் தாங்கவில்லை. கார்லிஸ் சிரிக்க ஆரம்பித்தாள், பேருந்தில் அறுபது பிள்ளைகளை அடக்கிய குரலில். டெல்மரும் சிரித்தார். சிரிப்பு எங்கே அழுகையானது என்று இரண்டு பேருக்கும் தெரியாது. இருவரும் மூக்கைத் துடைத்துக்கொண்டார்கள்.

"இத இப்ப என்ன பண்றது?" என்று அந்தக் காய்ந்த செவ்வகத்தைக் காட்டினார் டெல்மர். "திங்கக்கிழம எல்லாரும் வந்துருவாங்க. வேற பாய் வாங்கவா? இல்ல, இந்தப் பூச்செடியவே நாலு தோண்டி வச்சு, தண்ணி ஊத்தி..."

"ஒண்ணும் பண்ணாத."

"ஒண்ணுமேவா?"

"ஒண்ணுமே. நாலு பக்கமும் இருக்கறது தானா உள்ள வரும். வருஷம் ஆகும். உன்னால அதான் முடியாது, ஆனா அதத்தான் செய்யணும்."

"எத்தன வருஷம் ஆகும்?"

"ஆகும் ஒரு அஞ்சாறு வருஷம். என்ன அவசரம் உனக்கு?"

டெல்மர் யோசித்தார். பக்கத்து ஆறடி தன்னுடையது என்பது நினைவுக்கு வந்தது. "அவசரம் ஒண்ணுமில்ல," என்றார். "எப்பிடியும் நானும் இங்கதான வரணும்."

ஆனாலும் டெல்மர் டெல்மர்தானே. இவ்வளவு தூரம் இழுத்து வந்த புல்வெட்டியை அப்படியே திருப்பிக் கொண்டுபோக அவருக்கு மனசில்லை. வாசலிலிருந்து ஆர்டித்தின் கல் வரைக்கும் ஒரே ஒரு பாதை, புல்வெட்டியின் அகலத்துக்கு மட்டும் வெட்டிக்கொள்ளட்டுமா என்று கேட்டார். பூ இல்லாத பக்கமாகப் பார்த்து கார்லிஸ் முன்னால் நடந்து காட்டினாள். அவர் ஆமை வேகத்தில் பின்னால் ஓட்டினார். காது மூடியைப் பின்வண்டியிலேயே விட்டுவிட்டார். இத்தனை வருடம் தான் ஓட்டியது இவ்வளவு கர்ணகடூரமான மெஷின் என்று அன்றுதான் அவருக்குத் தெரிந்தது.

திங்கட்கிழமை ஊரே வந்தது. கொடிகளும் வாடகை வேன்களும் மடக்கு நாற்காலிகளுமாக முன்பாதி நிறைந்தது. பின்மேட்டுக்குப் போகிறவர்கள் அந்த ஒற்றைப் பாதையில் வரிசையாகத்தான் போக முடிந்தது. ஓரத்தைச் சீராக வெட்டியிருந்ததால், உள்ளே காடாக இருந்ததும் யாரோ திட்டமிட்டு வைத்ததாகவே எல்லோருக்கும் பட்டது. தலைநகர் டெமாயினிலிருந்து வந்த ஒரு சொந்தக்காரி நின்று நின்று படமெடுத்துவிட்டு, "இவ்வளவு பூவ யாரு நட்டு வளத்தது?" என்று கேட்டாள்.

"ஓர்வில்," என்றார் வெண்டல், முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல். வாழ்நாளில் அவர் தயங்காமல் சொன்ன ஒரே பதில் அதுவாக இருக்கும்.

காய்ந்த செவ்வகத்தைப் பார்த்தவர்கள் மரியாதைக்காகக் கண்ணைத் திருப்பிக்கொண்டார்கள். டெல்மருக்கு முகம் எரிந்தது. ஆனாலும் அதன்மேல் ஒரு துணியையோ பூத்தொட்டியையோ போட்டு மறைக்கவில்லை. அது அவருக்குப் பெரிய காரியம்தான். இரண்டு தரம் கை பரபரத்தது, இரண்டு தரமும் கையைப் பேன்ட் பைக்குள் போட்டுக்கொண்டார்.

மத்தியானத்துக்குள் வேன்கள் கிளம்பிவிட்டன. கார்லிஸ் கடைசியாகப் போனாள். போகும்போது நாற்காலியை எடுத்துக்கொண்டு போகவில்லை.

டெல்மர் அதைக் கல்லுக்குப் பக்கத்தில், தன் ஆறடி வரப்போகிற இடத்தில், பூக்களை மிதிக்காமல் போட்டு உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். மேட்டுக்குக் கீழே நாலா பக்கமும், கண்ணுக்கெட்டிய வரைக்கும், அவரும் அவர் அப்பாவும் ஊராரும் உழுத மண் வரிசை வரிசையாக முளைவிட்டிருந்தது. எங்கேயும் எந்த எஞ்சினும் ஓடவில்லை.

"சரி, ஆர்டித்," என்றார். "இப்பச் சொல்லு. இந்தத் தடவ மெஷின நிறுத்திட்டேன்."